தொலைநோக்கிக்கு முன்னே வந்த சமன்பாடு

1922 ஜூன் மாதக் கடைசியில், ஜெர்மனியின் முன்னணி இயற்பியல் ஆய்விதழ் ஒன்றுக்கு பெட்ரோகிராடு நகரிலிருந்து ஒரு கட்டுரை வந்து சேர்ந்தது. உலகப் போர், புரட்சி, உள்நாட்டுப் போர், பட்டினி என்று ஒன்றன்பின் ஒன்றாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அப்போதுதான் மூச்சு விடத் தொடங்கியிருந்த ஊர் அது. கட்டுரையை எழுதியவர் அலெக்சாண்டர் ஃப்ரீட்மன். கணிதம் படித்தவர், வானிலை ஆய்வைத் தொழிலாகக் கொண்டவர், போர்க்காலத்தில் ரஷ்ய விமானப் படையில் சேர்ந்து, விமானத்திலிருந்து போடும் குண்டு எங்கே விழும் என்று கணக்கிட்டுக் கொடுத்தவர். விண்மீன்களை ஆராயும் தொலைநோக்கி எதுவும் அவர் கையில் இல்லை. ஆனாலும், பேரண்டம் முழுவதும் விரியலாம், சுருங்கலாம், காலத்தோடு மாறலாம் என்று முதன்முதலில் கணக்குப் போட்டுக் காட்டியது அந்தக் கட்டுரைதான். எட்வின் ஹபிள் தன் புகழ்பெற்ற வரைபடத்தை வெளியிட அதன்பின் ஏழு ஆண்டுகள் ஆயின.

பேரண்டம் விரிவதைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால், நம் மாணவர்களில் பலர் ஹபிள் பெயரைச் சட்டென்று சொல்வார்கள். கூடவே ஊதப்படும் பலூனின் படமும் அவர்கள் மனதில் வரும். பாடம் அதோடு முடிந்துவிடுகிறது. விட்டுப்போவது கணக்கு. அந்தக் கணக்கு இல்லாவிட்டால் ஹபிளின் புள்ளிகளுக்கு என்ன பொருள் என்றே யாருக்கும் விளங்கியிருக்காது. அதன் எளிய வடிவம் பிளஸ் டூ மாணவரின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அதை அவர்களிடம் கொடுத்தே ஆக வேண்டும்.

கதையை ஐன்ஸ்டைனிடமிருந்து தொடங்க வேண்டும். 1915 நவம்பரில் பொதுச் சார்பியல் கோட்பாட்டை முடித்த அவர், 1917இல் அதைப் பேரண்டம் முழுமைக்கும் பொருத்திப் பார்த்தார். ஒரு சிக்கல் எழுந்தது. ஈர்ப்பு எல்லாவற்றையும் உள்ளே இழுக்கிறது. அப்படியானால் பேரண்டம் ஒரே நிலையில் நிற்க முடியாது. ஆனால் அது அசையாமல் நிற்கிறது என்பதில் அன்று யாருக்கும் சந்தேகமில்லை. எனவே ஈர்ப்பை எதிர்த்துத் தள்ளும் ஓர் உறுப்பைச் சமன்பாட்டில் சேர்த்தார். லாம்டா என்ற கிரேக்க எழுத்தால் குறிக்கப்படும் அண்டவியல் மாறிலி அப்படிப் பிறந்தது.

ஃப்ரீட்மன் அதே சமன்பாடுகளை எடுத்துக்கொண்டார். நிற்க வேண்டும் என்ற நிபந்தனையை மட்டும் நீக்கினார். அப்போது அண்டத்தின் அளவு காலத்தைப் பொறுத்து மாறும் ஒரு மாறியாகிவிடுகிறது. சில தீர்வுகளில் அது என்றென்றும் விரிகிறது. சிலவற்றில் விரிந்து, நின்று, மீண்டும் சுருங்குகிறது. எடுத்துக்காட்டுக்காக ஒரு நிறையை வைத்துக்கொண்டு, இப்படி ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 1000 கோடி ஆண்டுகள் ஆகலாம் என்றும் கணக்கிட்டார். பூமியின் வயதே உறுதியாகத் தெரியாத காலத்தில் வந்த எண் அது.

ஐன்ஸ்டைன் அதை ஏற்கவில்லை. அதே இதழில் அந்த ஆண்டே ஒரு சிறு குறிப்பு எழுதி, கணக்கில் பிழை இருப்பதாகச் சொன்னார். ஃப்ரீட்மன் தன் கணக்கை வரி வரியாக எழுதி அவருக்குக் கடிதம் அனுப்பினார். ஐன்ஸ்டைன் அப்போது நெடும்பயணத்தில் இருந்தார். 1923 மே மாதம் ஹாலந்தின் லைடன் நகரில் ஃப்ரீட்மனின் சக ஊழியர் யூரி க்ருட்கோவ் அவரைச் சந்தித்து, உட்கார வைத்து விளக்கினார். பிழை தன் பக்கம் என்று ஒப்புக்கொண்ட ஐன்ஸ்டைன், அதையும் அச்சில் வெளியிட்டார். பெட்ரோகிராடின் மானம் காப்பாற்றப்பட்டது என்று க்ருட்கோவ் வீட்டுக்கு எழுதினார். ஆனால் ஐன்ஸ்டைன் ஒப்புக்கொண்டது கணக்கு சரி என்பதை மட்டுமே. இந்தத் தீர்வுக்கு இயற்பியல் பொருள் இருப்பதாகச் சொல்வது கடினம் என்ற கருத்தில் அவர் எழுதி, பின்பு அடித்துவிட்ட ஒரு வரி அவருடைய கைப்பிரதியில் இன்றும் இருக்கிறது.

ஃப்ரீட்மனுக்கு அதிக நாள் கிடைக்கவில்லை. 1925 ஜூலையில் வளிமண்டல ஆய்வுக்காகப் பலூனில் 7,400 மீட்டர் உயரம் வரை போய் வந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் டைபாய்டு காய்ச்சலில் இறந்தார். வயது 37. தான் எழுதிய அண்டம்தான் நாம் வாழும் அண்டம் என்று தெரியாமலே போய்விட்டார்.

அடுத்தவர் ஜார்ஜ் லெமைத்ர், பெல்ஜியத்துக் கத்தோலிக்கப் பாதிரியார். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் இருந்தவர். கேம்பிரிட்ஜில் வானியலாளர் எடிங்டனிடம் படித்தவர். ஃப்ரீட்மனின் கட்டுரையைப் பற்றி எதுவும் தெரியாமலே, 1927இல் அதே விரியும் தீர்வுகளை அவரும் அடைந்தார். ஃப்ரீட்மன் செய்யாத ஒன்றையும் செய்தார்: கணக்கை வானத்தோடு இணைத்தார். அமெரிக்காவின் அரிசோனாவில் வெஸ்டோ ஸ்லைஃபர் என்ற வானியலாளர் 1912 முதல், அன்று 'நெபுலா' என்று அழைக்கப்பட்ட விண்மீன் திரள்களின் ஒளியைப் பகுத்து, அவற்றின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். 1917 வாக்கில் அவர் அளந்த 25இல் 21 நம்மைவிட்டு விலகிக்கொண்டிருந்தன. அந்த வேகங்களையும், ஹபிளின் முறையில் மதிப்பிட்ட தூரங்களையும் சேர்த்துப் பார்த்து, 32.6 லட்சம் ஒளியாண்டு தூரத்துக்கு, அதாவது ஒரு மெகாபார்செக்குக்கு, விலகும் வேகம் நொடிக்குச் சுமார் 625 கிலோமீட்டர் கூடுகிறது என்று லெமைத்ர் எழுதினார். பிற்காலத்தில் 'ஹபிள் மாறிலி' என்று பெயர் பெற்ற எண் இதுதான். ஹபிள் 500 என்ற மதிப்பை வெளியிட்டது 1929இல்.

லெமைத்ரின் கட்டுரை பிரஸ்ஸல்ஸில் அதிகம் பேர் புரட்டிப் பார்க்காத ஓர் இதழில், பிரெஞ்சு மொழியில் வந்தது. அந்த ஆண்டு சோல்வே மாநாட்டுக்கு வந்த ஐன்ஸ்டைனிடம் அவர் பேசினார். கணக்கு சரிதான், இயற்பியல் சகிக்கவில்லை என்ற பொருளில் பதில் வந்தது. ஃப்ரீட்மன் என்று ஒருவர் முன்பே இதைச் செய்திருக்கிறார் என்பதும் அப்போதுதான் லெமைத்ருக்குத் தெரிந்தது. எடிங்டனோ, தனக்கு அனுப்பப்பட்ட அந்தக் கட்டுரையை மறந்தே போயிருந்தார். 1930இல் லெமைத்ர் கடிதம் எழுதி நினைவூட்டிய பிறகுதான் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு ஏற்பாடு செய்தார். 1931இல் வந்த அந்த மொழிபெயர்ப்பில், 625 என்ற எண்ணைக் கணக்கிட்ட பத்தி இல்லை. யாரோ வேண்டுமென்றே வெட்டினார்கள் என்ற பேச்சு நெடுநாள் இருந்தது. லெமைத்ரின் கடிதத்தைத் தேடியெடுத்த வானியற்பியலாளர் மாரியோ லிவியோ, மொழிபெயர்த்ததும் நீக்கியதும் லெமைத்ரே என்று 2011இல் காட்டினார். புதிய அளவீடுகள் வந்துவிட்ட பிறகு பழைய எண்ணுக்கு மதிப்பில்லை என்று அவர் நினைத்திருந்தார். 2018இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் வாக்கெடுப்பு நடத்தி, ஹபிள் விதியை 'ஹபிள்–லெமைத்ர் விதி' என்று அழைக்கப் பரிந்துரைத்தது.

ஹபிளின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல இங்கே இடமில்லை. மவுண்ட் வில்சன் மலையிலுள்ள 100 அங்குலத் தொலைநோக்கியில் ஆண்ட்ரோமிடா நம் பால்வீதிக்கு வெளியே உள்ள தனி விண்மீன் திரள் என்று நிறுவியவர் அவர். அதற்கு ஹென்ரியெட்டா லெவிட் 1912இல் கண்ட மாறும் விண்மீன் விதி துணை நின்றது. அதே மலைக்குக் கோவேறு கழுதை ஓட்டிப் பொருள் ஏற்றிய மில்டன் ஹ்யூமசன், பின்னால் ஹபிளின் தலைசிறந்த கூட்டாளியானார். ஆனால் ஹபிளேகூட, விண்மீன் திரள்களின் 'தோற்ற வேகம்' என்று எச்சரிக்கையாகவே எழுதினார். அண்டவெளி விரிகிறது என்று அடித்துச் சொல்லத் தயங்கினார். தயக்கமில்லாமல் சொன்னது கணக்குதான்.

இனி, அந்தக் கணக்கு எவ்வளவு எளிது என்று பார்க்கலாம்.

பிளஸ் ஒன் இயற்பியலில் விடுபடு வேகம் வருகிறது. பூமியிலிருந்து மேலே எறியும் கல் திரும்பி வராமல் போக நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அதற்குக் குறைந்தால் திரும்பி விழும். கல்லின் இயக்க ஆற்றலிலிருந்து ஈர்ப்பு ஆற்றலைக் கழித்தால் கிடைக்கும் எண் மாறாது என்பதே அங்கே உள்ள ஒரே விதி. இப்போது பூமியை மறந்துவிட்டு, பொருள் சீராகப் பரவியிருக்கும் வெளியில் மனதால் ஒரு கோளம் வரையுங்கள். அதன் விளிம்பில் ஒரு விண்மீன் திரள். கோளத்துக்கு வெளியே உள்ள பொருளின் இழுப்பு எல்லாத் திசையிலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். உள்ளே உள்ள நிறை மட்டுமே கணக்கில் வரும். ஆக, விளிம்பிலுள்ள திரளும் எறியப்பட்ட கல்லும் ஒன்றே. வேகத்தின் இருமடியில் பாதியிலிருந்து, ஈர்ப்பு மாறிலியை நிறையால் பெருக்கி ஆரத்தால் வகுத்து வருவதைக் கழியுங்கள். கிடைப்பது மாறாத எண்.

வேகம் என்ற இடத்தில் 'ஹபிள் மாறிலி பெருக்கல் ஆரம்' என்று போடுங்கள். நிறை என்ற இடத்தில் 'கோளத்தின் கன அளவு பெருக்கல் அடர்த்தி' என்று போடுங்கள். இருபுறமும் ஆரத்தின் இருமடியால் வகுத்தால், ஹபிள் மாறிலியின் இருமடி ஒரு பக்கமும், அடர்த்தியும் வளைவைக் குறிக்கும் உறுப்பும் மறுபக்கமும் வந்து நிற்கும். இது லாம்டா நீங்கலாக ஃப்ரீட்மன் சமன்பாடேதான். நியூட்டனின் இயற்பியலை மட்டும் வைத்து இதை இப்படி வருவிக்க முடியும் என்று 1934இல் மில்னும் மெக்கிரேயும் காட்டினார்கள்.

மாணவர் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோகலாம். திரும்பி விழாத, ஆனால் மிச்சமும் இல்லாத அந்த எல்லைக்கோட்டு நிலைக்கு எவ்வளவு அடர்த்தி வேண்டும்? ஹபிள் மாறிலி 70 என்று வைத்துக்கொண்டால், கால்குலேட்டரில் வரும் விடை கன மீட்டருக்குச் சுமார் 9.2 × 10⁻²⁷ கிலோகிராம். ஹைட்ரஜன் அணுவின் நிறையால் வகுத்தால் ஐந்தரை. ஒரு கன மீட்டர் வெளியில் ஐந்தாறு அணுக்கள் இருக்கின்றனவா இல்லையா என்பதில் பேரண்டத்தின் வடிவமே அடங்கியிருக்கிறது. இன்றைய அளவீடுகளின்படி சாதாரண அணுக்கள் இதில் 5 சதவீதம் மட்டுமே. அதாவது சுமார் நான்கு கன மீட்டருக்கு ஓர் அணு. மீதி கரும்பொருளும் கரும் ஆற்றலும். இந்த விடையைத் தானே போட்டுக் கண்டடையும் பதினேழு வயது மாணவியின் முகம் எப்படி மலரும் என்று எண்ணிப் பார்த்தால், இந்தப் பாடத்தை மறுக்க யாருக்கு மனம் வரும்?

பலூன் படம் தரும் தவறான எண்ணத்தையும் இதே கணக்கு தீர்த்துவைக்கும். பலூனைப் பார்க்கும் பிள்ளைகள் அதன் நடுவில் ஏதோ வெடித்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு கோட்டில் 1, 2, 3 கோடி ஒளியாண்டு தூரத்தில் மூன்று திரள்கள் இருக்கட்டும். எல்லாத் தூரமும் இரட்டிப்பானால் அவை 2, 4, 6 ஆகும். முதலாவது 1 நகர்ந்தது, மூன்றாவது 3 நகர்ந்தது. தொலைவில் இருப்பது வேகமாகப் போகிறது என்பது இதுதான். நடுத் திரளில் நின்று பார்த்தாலும் இதே கணக்கு வரும். மையம் என்று ஓர் இடம் இல்லை.

இதற்கு மறுப்பு உண்டு, நியாயமான மறுப்பு. பாடச்சுமை ஏற்கெனவே முதுகை வளைக்கிறது, நீட் தேர்வு வேறு பிடரியைப் பிடிக்கிறது என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். நியூட்டன் வழியில் வருவிப்பது முழு உண்மையல்ல என்று இயற்பியலாளர்கள் சொல்வார்கள். இரண்டாவது சரிதான்: எல்லையில்லா வெளியில் கோளத்தைத் தனியே பிரித்தெடுப்பதை நியாயப்படுத்தவும், வளைவு என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் தரவும் பொதுச் சார்பியல்தான் வேண்டும். ஆசிரியர் அதை வகுப்பிலேயே சொல்லிவிடலாம். அணுவுக்கு நீல்ஸ் போரின் மாதிரியைச் சொல்லித் தருகிறோம். அதுவும் முழு உண்மையல்லவே. சுமை பற்றிய மறுப்புக்கு விடை, இதில் புதிதாகக் கற்க எதுவுமில்லை என்பதுதான். ஆற்றல் அழியாமையும் ஈர்ப்பும் பிளஸ் ஒன்னில் வந்துவிடுகின்றன. வகைக்கெழுச் சமன்பாடு பிளஸ் டூ கணக்கில் வருகிறது. இரண்டு வகுப்பு நேரம் போதும்.

நம் மேடைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சையும் இங்கே எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது. பேரண்டம் விரிவதை மாணிக்கவாசகர் திருவண்டப் பகுதியில் அன்றே சொல்லிவிட்டார் என்பார்கள். வேறு சிலர் புராணங்களைக் காட்டுவார்கள். திருவண்டப் பகுதி பெரும் கவிதை. அண்டங்களின் எண்ணிக்கையில் மனம் திகைத்து இறைவனை நோக்கித் திரும்பும் அந்தக் குரலுக்கு ஹபிளின் சான்றிதழ் எதற்கு? அறிவியல் மாதிரி என்பது வேறு வகையான பொருள். அது ஓர் எண்ணைத் தர வேண்டும். அந்த எண் பொய்த்தால் தலை குனிய வேண்டும். லெமைத்ர் இதை நன்றாக அறிந்திருந்தார். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ், விரியும் பேரண்டத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு என்ற கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்றாகப் பேசியபோது, பாதிரியாரான லெமைத்ருக்கே அது பிடிக்கவில்லை. தன் வழிபாட்டையும் சமன்பாட்டையும் அவர் கலக்கவிடவில்லை.

தலை குனிந்த கதைகள் இந்த மாதிரிகளுக்கு நிறைய உண்டு. ஹபிளின் 500 என்ற எண்ணை வைத்தால் பேரண்டத்தின் வயது 200 கோடி ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். கதிரியக்க முறையில் அளந்தால் பூமியின் பாறைகளோ அதைவிட மூத்தவை. பிள்ளை தாயைவிட மூத்ததாக இருக்க முடியுமா? கோட்பாட்டையே சந்தேகிக்க இது போதுமான காரணம்; தொடக்கமே இல்லாத 'நிலைத்த அண்டம்' என்ற மாற்று மாதிரியை 1948இல் ஹாயில், பாண்டி, கோல்ட் மூவரும் முன்வைத்தார்கள். ஹாயிலின் மாணவராகப் போன நம் ஜெயந்த் நார்லிகர் அந்த வழியில் வாழ்நாள் முழுக்க வாதாடினார். 1952இல் வால்டர் பாடே தூர அளவைத் திருத்தியதும் வயது இரட்டிப்பானது. 1965இல் பென்சியாஸ், வில்சன் இருவரும் வெளியெங்கும் நிறைந்திருக்கும் 3 கெல்வினுக்குச் சற்றுக் குறைவான வெப்பக் கதிர்வீச்சைக் கண்டதும் வாதம் பெரும்பாலும் முடிந்தது. மரணப் படுக்கையில் இருந்த லெமைத்ருக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது.

இந்த வரலாற்றில் கொல்கத்தாவுக்கும் ஒரு பெரிய பங்குண்டு; அதைச் சொல்லாமல் விடுவது அநியாயம். ஃப்ரீட்மனும் லெமைத்ரும் பொருள் எங்கும் சீராகப் பரவியிருப்பதாக வைத்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் அடர்த்தி எல்லையற்றுப் போவது இந்த எளிமையாக்கலால் வந்த விளைவுதானோ என்ற கேள்வி இருந்தது. அமல் குமார் ராய்சௌதுரி அந்த அனுமானத்தைக் கைவிட்டார். அவர் வேலை பார்த்த நிறுவனம் அவரிடம் கேட்டது உலோகங்களைப் பற்றிய ஆய்வு. சார்பியலை அவர் தன் சொந்த ஆர்வத்தில், வழிகாட்டி இல்லாமல் செய்தார். 1955இல் 'ஃபிசிக்கல் ரிவ்யூ' இதழில் வந்த அவருடைய சமன்பாடு, பொருளின் ஓட்டம் எப்படி இருந்தாலும், சுழற்சி தடுக்காதவரை, ஈர்ப்பு அதைக் குவித்தே தீரும் என்று காட்டியது. அடர்த்தி எல்லையற்றுப் போவதைப் பற்றிய தங்கள் தேற்றங்களைப் பின்னாளில் பென்ரோஸும் ஹாக்கிங்கும் கட்டியது இதன் மேல்தான். ராய்சௌதுரி பிற்பாடு பிரசிடென்சி கல்லூரியில் இளங்கலை மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். பேரண்டத்தைப் பற்றி ஆராய அவருக்குக் கிடைத்த கருவிகள் தாளும் பேனாவும்.

கடைசித் திருப்பம் 1998இல் வந்தது. 1990களின் தொடக்கத்தில் இன்னொரு வயதுச் சிக்கல் தலைதூக்கியிருந்தது. பொருள் மட்டுமே நிறைந்த எல்லைக்கோட்டு அண்டத்தின் வயது, ஹபிள் மாறிலியின் தலைகீழியில் மூன்றில் இரண்டு பங்கு. 70 என்று வைத்தால் சுமார் 930 கோடி ஆண்டுகள். மிகப் பழைய விண்மீன் கொத்துகளோ 1200 கோடியைத் தாண்டியவை. இதையும் மாணவர் தானே கணக்கிட்டுப் பார்க்கலாம். 1998இல், தொலைவிலுள்ள சூப்பர்நோவாக்களை, அதாவது வெடிக்கும் விண்மீன்களை, ஆராய்ந்த இரு குழுக்கள், விரிவு வேகம் குறையவில்லை, கூடுகிறது என்று அறிவித்தன. ஐன்ஸ்டைன் சேர்த்து, பின்னர் தூக்கிப் போட்ட லாம்டா, கரும் ஆற்றல் என்ற பெயரில் திரும்பி வந்தது. அதைச் சேர்த்ததும் வயது 1380 கோடிக்கு உயர்ந்தது. சால் பெர்ல்மட்டர், பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் மூவருக்கும் 2011இல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்றும் கணக்கு முழுதாக இடிக்காமல் ஓடவில்லை. ஆதிக் கதிர்வீச்சை அளந்த பிளாங்க் செயற்கைக்கோளின் தரவை ஃப்ரீட்மன் சமன்பாட்டில் ஓட்டினால் இன்றைய ஹபிள் மாறிலி 67.4 என்று வருகிறது. அருகிலுள்ள சூப்பர்நோவாக்களை நேரடியாக அளக்கும் ரீஸின் குழுவுக்கு 73 வருகிறது. இரு தரப்பும் சொல்லும் பிழை எல்லைகள் இந்த இடைவெளியை நிரப்பவில்லை. அரிசோனாவின் கிட் பீக் மலையில், 5000 சிறு ரோபோக்கள் ஒளியிழைகளைத் திருப்பி விண்மீன் திரள்களை அளக்கும் 'டெசி' திட்டம், கரும் ஆற்றல் மாறிலியாக இல்லாமல் காலத்தோடு வலுவிழக்கலாம் என்ற சாடையை 2024இலும் 2025இலும் வெளியிட்டது. கண்டுபிடிப்பு என்று கொண்டாட இன்னும் சான்று போதாது. உறுதியானால் ஃப்ரீட்மன் சமன்பாட்டின் ஓர் உறுப்பைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

இந்தத் திட்டங்களின் தரவு பலவும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் இருக்கிறது. 1500க்கும் மேற்பட்ட சூப்பர்நோவாக்களின் தூரமும் செம்பெயர்ச்சியும் (விரிவால் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்த அளவு) அட்டவணையாகவே கிடைக்கின்றன. பள்ளிக் கல்வித் துறை செய்ய வேண்டியது அதிகமில்லை. அந்த அட்டவணையைத் தமிழ்க் குறிப்போடு பள்ளிக் கணினி ஆய்வகங்களுக்குக் கொடுக்கட்டும். மாணவர்கள் புள்ளிகளை வரைந்து, ஃப்ரீட்மன் சமன்பாட்டிலிருந்து வரும் கோட்டை லாம்டா இல்லாமல் ஒருமுறை, லாம்டாவோடு ஒருமுறை அதன்மேல் போடட்டும். எந்தக் கோடு பொருந்துகிறது என்பதைச் செய்முறைத் தேர்வில் அவர்களே எழுதலாம்.